ஃபேட்32 டிஸ்க்கை அழிக்காமல் என்டிஎஃப்எஸ் ஆக்க வழி உண்டா? உள்ளே 380 ஜிபி இருக்கிறது

பொருநைக்கரை
திங்கள், இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்கள் ஊர் சுடலைமாடன் கோவில் கொடையை அப்பா 2003 முதல் 2009 வரை வருடம் தவறாமல் கேம்கார்டரில் எடுத்திருக்கிறார். டிஜிட்டல் வீடியோ கேசட், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், மொத்தம் 22. பாதிக்கு மேல் வில்லுப்பாட்டு. பாடிய புலவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. போன மாதம் பெட்டியைத் திறந்து பார்த்தால் சில கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று பழைய டெஸ்க்டாப்பில் கேம்கார்டரை இணைக்கும் ஃபயர்வயர் கார்டைப் போட்டு ஏற்ற ஆரம்பித்தேன்.

எந்தக் கேசட்டைப் போட்டாலும் 20 நிமிடம் நெருங்கும்போது பதிவு நின்றுவிடுகிறது. சரி, முதலில் சி டிரைவில் ஏற்றிவிட்டு அப்புறம் வெளி டிஸ்க்குக்கு மாற்றலாம் என்று பார்த்தால், 'இந்த ஃபைல் சிஸ்டத்துக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியது' என்று சொல்கிறது. டிஸ்க்கில் 85 ஜிபி காலியாக இருக்கிறது, கோப்பு 13 ஜிபிதான்.

டிஸ்க் 500 ஜிபி, யூஎஸ்பி, ஒரே பார்ட்டிஷன், ஃபேட்32. பழைய டிவிடி பிளேயரில் போட்டுப் பார்ப்பதற்காக அப்பா அப்படி ஃபார்மேட் செய்யச் சொல்லியிருந்தார். உள்ளே குடும்பப் படங்கள், பாட்டியின் குரல் பதிவுகள் எல்லாம் சேர்த்து 380 ஜிபி. வேறு டிஸ்க் கையில் இல்லை. உள்ளே இருப்பது போகாமல் இதை என்டிஎஃப்எஸ் ஆக்க முடியுமா?

---

நெய்தல்
திங்கள், இரவு 10:05

உங்கள் டிஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லை, இது ஃபேட்32 அமைப்பிலேயே இருக்கும் வரம்பு. ஃபேட்32, என்டிஎஃப்எஸ் எல்லாம் ஃபைல் சிஸ்டங்கள், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிக் குறித்து வைக்கும் முறைகள். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு உண்டு. பெயர், தேதி, எங்கே தொடங்குகிறது என்ற விவரங்களோடு கோப்பின் அளவும் அதில் இருக்கும். அந்த அளவை எழுத 4 பைட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 4 பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,294,967,295. அதைவிட ஒரு பைட் கூடினாலும் எழுத இடம் கிடையாது. ஃபேட்32 வந்தது 1996இல், விண்டோஸ் 95இன் இரண்டாம் பதிப்போடு. அன்றைக்கு முழு டிஸ்க்கே பெரும்பாலும் ஒன்றிரண்டு ஜிபிதான், அதனால் யாருக்கும் இது ஒரு குறையாகத் தெரிந்திருக்காது.

20 நிமிடக் கணக்கும் சரியாக வருகிறது. இந்தக் கேசட்டிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 3.6 எம்பி வரும், மணிக்கு 13 ஜிபி. 4 ஜிபியைத் தொட 20 நிமிடம்தான் ஆகும்.

---

மேகமலை
திங்கள், இரவு 10:11

ஃபார்மேட் போட்டு என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. க்விக் ஃபார்மேட் என்றால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

---

பொருநைக்கரை
திங்கள், இரவு 10:14

அண்ணா, ஃபார்மேட் போட்டால் உள்ளே இருப்பது போய்விடும் அல்லவா? அதுதான் என் பயமே.

நெய்தல், தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. இரண்டு வாரமாக ஃபயர்வயர் கார்டில்தான் கோளாறு என்று நினைத்துக் கேபிளை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

---

மேகமலை
திங்கள், இரவு 10:16

ஆமாம், போய்விடும். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் எழுதிவிட்டேன். மன்னிக்கவும் தம்பி.

---

குறிஞ்சிப்பூ
திங்கள், இரவு 11:02

வழி உண்டு. விண்டோஸிலேயே 'கன்வர்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஃபேட், ஃபேட்32 பார்ட்டிஷனை உள்ளே இருக்கும் கோப்புகளோடு சேர்த்து என்டிஎஃப்எஸ் ஆக்கித் தரும். தனியாக மென்பொருள் எதுவும் இறக்க வேண்டாம், காசு கேட்கும் 'கன்வர்ட்டர்' விளம்பரங்களை நம்பவும் வேண்டாம்.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்துகொள்ளுங்கள். வெளி டிஸ்க்கின் எழுத்து 'இ' என்று வைத்துக்கொள்வோம். அடிக்க வேண்டியது இது, ஆங்கில எழுத்தில்:

கன்வர்ட் இ: /எஃப்எஸ்:என்டிஎஃப்எஸ்

என்டர் தட்டியதும் டிஸ்க்குக்கு இப்போது இருக்கும் பெயரைக் கேட்கும். எக்ஸ்ப்ளோரரில் டிரைவ் எழுத்துக்குப் பக்கத்தில் தெரிகிறதே, அதை அப்படியே கொடுக்க வேண்டும். வேறு டிரைவைக் கைத்தவறி மாற்றிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. அப்புறம் செக்டிஸ்க் போலக் கோப்புகளைச் சரிபார்க்கும். பிழை இல்லை என்றால் எவ்வளவு இடம் தேவை என்று கணக்குப் போட்டுவிட்டு மாற்றத் தொடங்கும். எந்தக் கோப்பாவது அந்த டிஸ்க்கிலிருந்து திறந்திருந்தால், 'டிரைவைக் கட்டாயமாகக் கழற்றிக்கொள்ளவா?' என்று கேட்கும். அதற்கு ஆம் சொல்வதைவிட எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது.

படங்களும் பாட்டும் இருக்கும் இடத்திலேயே இருக்கும், நகராது. 'எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது' என்ற பட்டியலைத்தான் புதிய முறையில் காலி இடத்தில் எழுதிக்கொள்கிறது. அதனால்தான் கொஞ்சம் காலி இடம் வேண்டும் என்கிறது. உங்களிடம் 85 ஜிபி இருக்கிறது, தாராளம்.

ஒன்றை மனதில் வையுங்கள். இது போக மட்டும்தான் வழி, திரும்பி வர வழி இல்லை. என்டிஎஃப்எஸ் ஆன பிறகு மறுபடி ஃபேட்32 வேண்டும் என்றால் ஃபார்மேட்தான் போட வேண்டும்.

---

பழைய டிஸ்க்
செவ்வாய், காலை 6:20

குறிஞ்சிப்பூ சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. ஆனாலும் தம்பி அவசரப்பட்டு இன்றைக்கே அந்தக் கட்டளையை அடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் காலையிலேயே எழுதுகிறேன்.

2011இல் இதே கட்டளையை நான் ஓடவிட்டேன். டெஸ்க்டாப்புக்குள் இருந்த டிஸ்க், 160 ஜிபி. தங்கை கல்யாணப் படங்கள், அம்மாவோடு ராமேஸ்வரம் போனபோது எடுத்தவை, அலுவலகக் கணக்கு எல்லாம் அதில். யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல நாள் ஆகியிருந்தது. பத்து நிமிட வேலைதானே என்று நினைத்தேன். பாதி ஓடியபோது மின்சாரம் போனது. வந்த பிறகு கம்ப்யூட்டரைப் போட்டால் அந்த டிரைவுக்கு 'ரா' என்று காட்டியது. ஃபேட்டும் இல்லை, என்டிஎஃப்எஸ்ஸும் இல்லை.

ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியை வைத்து நாலு நாள் தோண்டினேன். படங்கள் பெரும்பாலும் கிடைத்தன. ஆனால் அந்தக் கருவி கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து எடுப்பது, பட்டியலைப் பார்த்து அல்ல. அதனால் பெயர் கிடையாது, ஃபோல்டர் கிடையாது. எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு நீண்ட எண்ணும், அவ்வளவுதான். பதினோராயிரம் படங்கள் அப்படி வந்தன. அம்மா 2014இல் போய்விட்டார்கள். ராமேஸ்வரம் படங்களை இன்னமும் அவற்றிலிருந்து தேடித்தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டளை நல்ல கட்டளைதான். ஆனால் அது ஓடும் அந்தச் சில நிமிடங்களில் உங்கள் பாட்டியின் குரல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் இருக்கும், அந்த இடத்தைத்தான் பிரித்துப் போட்டு மாற்றிக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு பிரதி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

---

தேன்சிட்டு
செவ்வாய், காலை 9:30

பழைய டிஸ்க் ஐயா, படிக்கவே கஷ்டமாக இருந்தது.

இருந்தாலும் உள்ளபடியே மாற்றுவது என்றாலே ஆபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 மார்ச்சில் ஐஓஎஸ் 10.3 வந்தபோது ஆப்பிள் தன் ஃபோன்களின் ஃபைல் சிஸ்டத்தையே எச்எஃப்எஸ் பிளஸ்ஸிலிருந்து ஏபிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றியது. கோடிக்கணக்கான ஃபோன்கள். ஒரு அப்டேட் போட்டோம் என்பதற்கு மேல் பெரும்பாலான மக்களுக்கு ஒன்றும் தெரியாது. லினக்ஸில் இஎக்ஸ்டி4ஐ பிடிஆர்எஃப்எஸ்ஸாக மாற்றும் கருவி பழைய அமைப்பை ஒரு பிம்பமாக உள்ளேயே வைத்திருக்கும். பிடிக்கவில்லை என்றால், அந்தப் பிம்பத்தை அழிக்காதவரை திரும்பிப் போகலாம்.

அப்புறம் ஒரு கேள்வி. எக்ஸ்ஃபேட் ஏன் கூடாது? 4 ஜிபி வரம்பு அதிலும் இல்லை. மேக்கில் படிக்கலாம், எழுதலாம். என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்க மட்டும்தான் செய்யும்.

---

பழைய டிஸ்க்
செவ்வாய், காலை 9:52

ஃபோனுக்குள் பேட்டரி இருக்கிறது. தயாரித்தவர்களுக்கு உள்ளே இருக்கும் சிப்புகூட எது என்று தெரியும். பத்து வருடம் ஓடிய வெளி டிஸ்க், ஆடும் யூஎஸ்பி கேபிள், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப், இந்த மூன்றுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. தொழில்நுட்பம் மோசம் என்று நான் சொல்லவில்லை.

---

நெய்தல்
செவ்வாய், காலை 10:15

எக்ஸ்ஃபேட் பற்றி: முதலாவது, கன்வர்ட் கட்டளை எக்ஸ்ஃபேட் ஆக்காது, அதற்கு ஃபார்மேட்தான் வழி. இரண்டாவது, என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஜர்னல் உண்டு. பட்டியலில் எதை மாற்றப் போகிறோம் என்பதை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் மாற்றும். நடுவில் மின்சாரம் போனால், மறுபடி இணைக்கும்போது குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அது இல்லை. கேமரா கார்டுக்கும் இங்கே அங்கே எடுத்துப்போகும் பென்டிரைவுக்கும் எக்ஸ்ஃபேட் அருமை. இருபது வருடம் காத்து வைக்க வேண்டிய பதிவுகளுக்கு ஜர்னல் உள்ளதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஜர்னல் காப்பாற்றுவது பட்டியலைத்தான், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல. இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

---

தேன்சிட்டு
செவ்வாய், காலை 10:31

ஏற்றுக்கொள்கிறேன். வீட்டில் மேக் இல்லை என்றால் என்டிஎஃப்எஸ்ஸே சரி. பொருநைக்கரை, உங்கள் அப்பா டிவியில் பார்ப்பாரா? சில டிவிகள் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைக் கண்டுகொள்ளாது. ஒரு பென்டிரைவை என்டிஎஃப்எஸ் ஆக்கி, ஒரு பாட்டைப் போட்டு, டிவியில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

---

அகல்விளக்கு
செவ்வாய், மதியம் 1:10

நான் லினக்ஸ்காரி. விண்டோஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என்டிஎஃப்எஸ் எடுத்தாலும் பின்னாளில் லினக்ஸில் திறக்க முடியுமா என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால், முடியும். என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற இயக்கி 2007இலிருந்தே நிலையாக இருக்கிறது. 2021இல் வந்த 5.15 கெர்னலிலேயே எழுதவும் தெரிந்த இயக்கி சேர்ந்துவிட்டது.

நான் கேட்க வந்தது வேறு. கோப்புப் பெயர்கள் தமிழில் இருக்கின்றனவா? ஃபேட்32இலும் நீளமான பெயர்கள் யூனிகோடில்தான் பதிவாகும், என்டிஎஃப்எஸ்ஸிலும் அப்படியே. ஆகவே மாற்றும்போது தமிழ்ப் பெயர் கெடாது. ஆனால் ஃபேட்32 டிஸ்க்கை லினக்ஸில் மவுன்ட் செய்யும்போது, அதாவது திறந்து இணைக்கும்போது, யூடிஎஃப்8 என்ற எழுத்துமுறைத் தேர்வைக் கொடுக்காமல் விட்டால், தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகத் தெரியும். அந்த நிலையில் யாராவது காப்பி எடுத்தால், காப்பியில் அந்தக் கேள்விக்குறிகளே பெயராக உட்கார்ந்துவிடும். எங்கள் ஊர் நூலகத்துக்காக ஸ்கேன் செய்த நாட்டுப்புறக் கதைகளை இப்படி ஒருமுறை காப்பி செய்துவிட்டு, முந்நூறு கோப்புகளுக்குத் திரும்பப் பெயர் வைத்தேன்.

---

பொருநைக்கரை
செவ்வாய், இரவு 8:45

எல்லோருக்கும் மிக்க நன்றி. பழைய டிஸ்க் ஐயா, உங்கள் பதிவை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

பெயர்கள் தமிழில்தான் இருக்கின்றன அக்கா. 'கொடை 2004 இரண்டாம் நாள் மதியம்' என்று நீளநீளமாக அப்பா வைத்தவை.

இன்னொரு பிரதி எடுக்க டிஸ்க் வாங்க வேண்டும். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். அதுவரை கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றி, எம்பி4 ஆகச் சுருக்கிவிட்டுப் பெரிய கோப்பை அழித்துக்கொண்டே போனால் 85 ஜிபிக்குள் சமாளிக்க முடியும். அதனால் டிஸ்க்கை இப்போதே மாற்றிவிட்டு, பிரதியை அப்புறம் எடுத்தால் ஆகாதா?

---

பழைய டிஸ்க்
செவ்வாய், இரவு 9:03

ஆகாது தம்பி. வரிசை அப்படி இருக்கக் கூடாது.

பெரிய கோப்புகளை அழிப்பதும் வேண்டாம் என்பது என் கருத்து. 22 கேசட், கேசட்டுக்கு 13 ஜிபி, மொத்தம் 286 ஜிபி. கேசட்டில் இருப்பது அப்படியே இருப்பது அந்தப் பெரிய கோப்பில்தான். பூஞ்சை பிடித்த கேசட்டை இன்னொரு முறை ஓட்ட முடியுமா என்பது நிச்சயமில்லை. எம்பி4 டிவியில் பார்க்க, பெரிய கோப்பு காத்து வைக்க. எப்படிப் பார்த்தாலும் இந்த டிஸ்க்கில் இடம் போதாது.

போகட்டும், ஒன்று செய்யுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. அதைத் திறந்து, வெளி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, என்ன நிறம் காட்டுகிறது என்று சொல்லுங்கள். 05, சி5, சி6 என்று மூன்று வரிகள் இருக்கும், அவற்றின் கடைசிக் கட்டத்தில் உள்ள எண்களையும் எழுதுங்கள்.

---

பொருநைக்கரை
செவ்வாய், இரவு 9:30

மஞ்சள். 'கவனம்' என்கிற மாதிரி எழுதியிருக்கிறது. 05இல் எல்லாம் பூஜ்யம். சி5இல் கடைசியில் 8. சி6இல் பூஜ்யம்.

---

பழைய டிஸ்க்
செவ்வாய், இரவு 9:34

டிஸ்க்கைப் பத்திரமாக வெளியேற்றிவிட்டுக் கேபிளைக் கழற்றி வையுங்கள். இனி அதில் எதையும் எழுத வேண்டாம். கன்வர்ட் வேண்டாம், செக்டிஸ்க்கும் வேண்டாம்.

சி5 என்பது படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகளின், எண்ணிக்கை. டிஸ்க் அவற்றைப் படிக்கப் பார்த்து முடியாமல், 'பிறகு பார்க்கலாம்' என்று குறித்து வைத்திருக்கிறது. எட்டு என்பது பெரிய எண் இல்லை, சில டிஸ்க்குகள் இதோடு வருடக்கணக்கில் ஓடும். சில டிஸ்க்குகளில் ஒரே வாரத்தில் எட்டு எண்ணூறாகும். உங்களுடையது எந்த வகை என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அந்த எட்டும் வெற்றிடத்தில் இருந்தால் நஷ்டம் இல்லை. ஃபேட் பட்டியலுக்குள்ளேயே இருந்தால், நீங்கள் கன்வர்ட் ஓடவிடும்போது எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

---

குறிஞ்சிப்பூ
செவ்வாய், இரவு 9:41

ஐயா சொல்வதுதான் சரி. நேற்று கட்டளையை எழுதியபோதே 'முதலில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள்' என்று நான் எழுதியிருக்க வேண்டும். இனி இந்தக் கட்டளையை யாருக்குச் சொன்னாலும் அதை முதல் வரியாக எழுதுகிறேன்.

தம்பி, டிஸ்க் வாங்கும் விஷயத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். யாரிடமாவது பத்து நாளைக்கு ஒரு டிஸ்க் இரவல் கிடைத்தாலும் போதும்.

---

பொருநைக்கரை
புதன், மதியம் 12:20

அப்பாவே காசு கொடுத்தார். 2 டிபி டிஸ்க் வாங்கி வந்துவிட்டேன். காப்பி எடுப்பதற்கு எது சரியான முறை? எக்ஸ்ப்ளோரரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இழுத்துவிடலாமா?

---

நெய்தல்
புதன், மதியம் 12:50

வேண்டாம். நடுவில் ஒரு கோப்பு படிக்க வராவிட்டால் எக்ஸ்ப்ளோரர் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும், எது வந்தது எது வரவில்லை என்று அப்புறம் தெரியாது.

புதிய டிஸ்க்கை என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். வழக்கமாக, க்விக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போடச் சொல்வேன், டிஸ்க் முழுவதும் ஒருமுறை எழுதிப் பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் 2 டிபிக்கு ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். உங்கள் பழைய டிஸ்க் இருக்கும் நிலையில் க்விக் போட்டு உடனே தொடங்குங்கள்.

முதலில் பாட்டியின் குரலை மட்டும் தனியாகக் காப்பி எடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எது முதலில் வெளியே வர வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அது முடிந்ததும் மற்றவற்றுக்கு ரோபோகாப்பி:

ரோபோகாப்பி இ:\ எஃப்:\பழையது /இ /ஆர்:1 /டபிள்யூ:1 /எஃப்எஃப்டி /லாக்:சி:\காப்பி.டெக்ஸ்ட்

நடுவில் வரும் சாய்கோடு-இ என்பது எல்லாத் துணை ஃபோல்டர்களையும் சேர்த்து எடு என்பதற்கு. ஆர் என்பது எத்தனை முறை மறுபடி முயல வேண்டும், டபிள்யூ என்பது இடையில் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அதன் வழக்கம், தோற்ற ஒவ்வொரு கோப்புக்கும் முப்பது நொடி இடைவெளியில் பத்து லட்சம் தடவை முயல்வது. ஒரே ஒரு கெட்ட படத்தில் உங்கள் டிஸ்க் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். எஃப்எஃப்டி எதற்கு என்றால், ஃபேட்32 நேரத்தை இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் குறிக்கும், என்டிஎஃப்எஸ் அதைவிட நுணுக்கமாகக் குறிக்கும். மறுபடி ஓடவிடும்போது அந்த வித்தியாசத்தைப் பார்த்து 'இது வேறு கோப்பு' என்று நினைத்துத் திரும்பக் காப்பி எடுக்காமல் இருக்க அது உதவும்.

முடிந்ததும் லாக் கோப்பின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். எத்தனை தோற்றது என்று அதில் இருக்கும்.

---

பொருநைக்கரை
வியாழன், காலை 7:15

ராத்திரி முழுக்க ஓடியது. 41,208 கோப்புகளில் 3 தோற்றன. இரண்டு படங்கள், அவை எங்கள் அத்தையிடம் வேறு பிரதியாக இருக்கின்றன. மூன்றாவது, நேற்று முதலில் தனியாக எடுக்கப் பார்த்தபோதே வராமல் நின்ற பாட்டியின் பதிவு ஒன்று. நடுகை நேரத்தில் வயலில் பாடுவார்களே, அந்தப் பாட்டுகளைப் பாட்டி அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிற பதிவு. எம்பி3, 19 நிமிடம். மற்ற பதிவுகளெல்லாம் வந்துவிட்டன, இது மட்டும் வரவில்லை.

---

அகல்விளக்கு
வியாழன், காலை 7:40

கவலைப்படாதீர்கள், இன்னும் வழி இருக்கிறது. ஒரு பென்டிரைவில் லினக்ஸ் லைவ் போட்டு அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். பழைய டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்ற தேர்வோடு மவுன்ட் செய்யுங்கள், யூடிஎஃப்8ஐ மறக்க வேண்டாம். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவி அந்த ஒரு கோப்பை மட்டும் எடுக்கவும் பயன்படும். மூலக் கோப்பு, சேர வேண்டிய இடம், ஒரு மேப் கோப்பு, இந்த மூன்றைத்தான் கேட்கும்.

சாதாரணக் காப்பி கெட்ட இடத்தைத் தொட்டதும் முழுக் கோப்பையும் கைவிட்டுவிடும். டிடிரெஸ்க்யூ அப்படி இல்லை. நன்றாகப் படிக்க வருவதை எல்லாம் முதல் சுற்றில் எடுத்துவிட்டு, வராத இடங்களை மேப்பில் குறித்து வைத்துக்கொண்டு, அப்புறம் அவற்றுக்குப் பொறுமையாகத் திரும்பி வரும். நடுவில் நிறுத்தினாலும் மேப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். மூன்று சுற்று மறுமுயற்சி கொடுங்கள், அதற்கு மேல் டிஸ்க்கை வருத்த வேண்டாம்.

எந்தக் கட்டத்தில் சந்தேகம் வந்தாலும் எழுதுங்கள், இன்று முழுக்க இங்கேதான் இருப்பேன்.

---

பொருநைக்கரை
வியாழன், இரவு 10:25

வந்துவிட்டது அக்கா.

4 கேபி மட்டும் வரவில்லை. மீதி எல்லாம் வந்தது. 128 கேபிபிஎஸ் பதிவு என்பதால் 4 கேபி என்றால் கால் நொடி. பதினோராவது நிமிடத்தில் பாட்டி 'நாத்து' என்று சொல்லும்போது 'த்' மட்டும் விழுங்கின மாதிரி ஒரு வெட்டு. அவ்வளவுதான். அப்பா ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு, எங்கே வெட்டியது என்று தனக்குத் தெரியவே இல்லை என்கிறார்.

---

பழைய டிஸ்க்
வியாழன், இரவு 10:31

மனது நிறைந்துவிட்டது தம்பி. இப்போது அந்த ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென்டிரைவிலும் போட்டு, அத்தை வீட்டில் கொடுத்து வைத்துவிடுங்கள்.

---

தேன்சிட்டு
வெள்ளி, காலை 8:50

அருமை. டிவியில் என்டிஎஃப்எஸ் சோதித்தீர்களா?

---

பொருநைக்கரை
ஞாயிறு, மாலை 5:30

சோதித்தேன். குறிஞ்சிப்பூ சொன்ன கட்டளையையும் அதிலேயே ஓட்டிப் பார்த்தேன். வீட்டில் கிடந்த 16 ஜிபி பென்டிரைவ், ஃபேட்32, உள்ளே பாட்டுகள், எல்லாவற்றுக்கும் வேறு பிரதி இருக்கிறது. நிறமும் பார்க்கத் தேவையில்லாத பொருள் என்றாலும் முதலில் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன். பெயரைக் கேட்டது. எக்ஸ்ப்ளோரரில் தெரிந்த பெயரை அப்படியே அடித்ததும் ஏற்றுக்கொண்டது. இரண்டு நிமிடத்துக்குள் 'மாற்றம் முடிந்தது' என்று வந்தது. பாட்டுகள் அத்தனையும் அப்படியே இருந்தன. டிவியும் எடுத்துக்கொண்டது.

பழைய டிஸ்க்கில் சி5 இப்போது 24. துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

பாட்டியின் பென்டிரைவ் நேற்றே அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. கேசட் இதுவரை நாலு ஏறியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக, நடுவில் எங்கும் நிற்காமல். 2006ஆம் வருடத்துக் கேசட்டில் 40ஆவது நிமிடத்தில் கோவிலில் மின்சாரம் போகிறது. படம் முழு இருட்டு, மைக்கும் இல்லை. புலவர் நிறுத்தவில்லை. குடத்தின் அடியும் வில்லில் கட்டிய மணிச் சத்தமும் வெறும் குரலும் மட்டும் நாலு நிமிடம் கேட்கிறது, அப்புறம் ஜெனரேட்டர் வந்து வெளிச்சம் வருகிறது. அன்றைக்குக் கேமராவைப் பிடித்திருந்த அப்பாவுக்கே இது மறந்துபோயிருந்தது. குடம் அடிப்பவர் யார் என்று இருட்டிலேயே சத்தத்தை வைத்துச் சொல்லிவிட்டார்.

ஐந்தாவது கேசட் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.